அடியில் கலங்கிய நீர்

அண்ணி ஒரு தாம்பாளத்தில் ஈர மணலைக் குவித்து, அதன் ஒரு பக்கம் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக் காட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேலே மணல்மேடு சிறிதும் அசையவில்லை. மறுபக்கம் அதன் அடியில் சின்னதாக ஓர் ஊற்று கிளம்பியது. முதலில் தெளிவாக, பிறகு மணலை வாரிக்கொண்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேடு உள்வாங்கிச் சரிந்தது. “இதான் தம்பி என் தியரி,” என்றார்.

நாங்கள் இருவரும் ஒரு மாயாஜால நாவல் வரிசைக்கு அடிமைகள். அந்தக் கதையில் ஒரு நாட்டையே வெள்ளத்திலிருந்து காப்பது மந்திரத்தால் எழுப்பிய ஓர் அணை. ஐந்தாம் பாகத்தின் கடைசி வரியில் அது உடைந்துவிடும். ஏன் உடைந்தது என்று சொல்லாமலே எழுத்தாளர் வருடக்கணக்கில் காக்கவைத்தார். இணையத்தில் ரசிகர்கள் ஆளுக்கொரு விளக்கம் எழுதிக் குவித்தார்கள். யாரோ துரோகி உள்ளிருந்து மந்திரத்தை அவிழ்த்துவிட்டான் என்பதே பெரும்பாலோர் கட்சி. என் கட்சியும் அதுதான். கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்திய அண்ணி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் பாகத்தில், அணைக்குக் கீழே துணி துவைக்கும் பெண்கள் ஊற்றுநீர் கலங்கி வருவதாக முறையிடும் ஒரு வரி உண்டு. அதை எவருமே கவனிக்கவில்லை என்பார். மந்திரம் சுவரைத்தான் தாங்கும், சுவர் நிற்கிற மண்ணைத் தாங்காது என்பது அவர் வாதம். ரசிகர் குழுவில் கேலி செய்தார்கள். துரோகி இல்லாமல் ஒரு கதையா என்று ஒருவர் எழுதியிருந்தார்.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கொல்லையை அடுத்து வயல், வயலை அடுத்து ஆற்றங்கரை. ஊரே கரைமேல் நின்று, ஏறிவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரைக்குக் கீழே, வயலோரமாக நடந்தார். நானும் கூடப் போனேன். ஓரிடத்தில் உலை கொதிப்பதுபோல் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் அள்ளினார். நீர் வழிந்தபின் விரலிடுக்கில் மண் தங்கியது.

அண்ணனிடம் ஓடினோம். “கதைப் புத்தகத்தைப் படிச்சுட்டு ஊர பயமுறுத்தாத,” என்றார். கரைமேல் நின்றவர்களும் சிரித்தார்கள். அண்ணி எதிர்க்கரை டிராக்டர்காரருக்குப் போன் செய்தார். எங்கள் வயலுக்கு உழவு ஓட்டுபவர் அவர். பாலத்தைச் சுற்றிக்கொண்டு மணல்மூட்டைகளோடு வந்துவிட்டார். நாங்கள் மூவரும் ஊற்றைச் சுற்றி மூட்டைகளை அடுக்கினோம். அதற்குள் பக்கத்தில் இன்னொன்று கிளம்பியது, அப்புறம் மற்றொன்று. அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். “இனிமே நிக்காதும்மா. முதல்ல ஆளுங்களக் கிளப்புங்க.”

அண்ணன் நேரில் வந்து பார்த்தார். வீடு வீடாகப் போய் எல்லோரையும் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். பிற்பகலில் கரை போயிற்று. உயிர்ச்சேதம் இல்லை. எங்கள் வீடு இடிந்து, வயல் மணல்மேடாயிற்று.

பள்ளிக்கூடத்தில் முதலில் அழுகை எழுந்தது. அழுகை ஓய்ந்ததும் பேச்சு கிளம்பியது. கரை தானாக உடையுமா? தங்கள் பக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ள எதிர்க்கரைக்காரர்கள் வெட்டியிருப்பார்கள். டிராக்டர்காரரை மண்வெட்டியோடு பார்த்ததாக ஒருவர் சொன்னார். சாயங்காலத்துக்குள் பார்த்தவர்கள் பெருகிவிட்டார்கள். அண்ணி எழுந்து நின்றார். “அவர வரச்சொன்னதே நான்தாங்க. மூட்டை அடுக்க வந்தவரு அவரு. தண்ணி அடியில மண்ண அரிச்சுடுச்சு, நான் கையில அள்ளிப் பார்த்தேன்.”

“இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்துட்டு அவனுங்களுக்குப் பரிஞ்சு பேசுறியே?” என்றார் எங்கள் பெரியப்பா. அண்ணன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அண்ணி உட்காரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கேட்க ஆளில்லை.

தண்ணீர் வடிந்ததும் சிலர் பாலத்தைத் தாண்டிப் போனார்கள். டிராக்டர்காரரின் வலது கை அதற்குப் பிறகு தோளுக்கு மேல் எழவில்லை. வண்டியை விற்றுவிட்டுத் திருவாரூரில் மகள் வீட்டுக்கே போய்விட்டார். அண்ணி அங்கே தேடிப்போய் அவர்முன் அழுதார். “நீங்க கூப்பிடலன்னாலும் வந்திருப்பேம்மா,” என்று மட்டும் அவர் சொன்னாராம்.

அண்ணனும் அண்ணியும் கும்பகோணத்தில் வாடகை வீட்டுக்குக் குடிபோன பிறகு நாவலின் கடைசிப் பாகம் வந்தது. அணையை உடைத்தது துரோகிதான். ரசிகர் குழு கொண்டாடித் தீர்த்தது. அண்ணி புத்தகத்தை என்னிடம் நீட்டிவிட்டுச் சொன்னார்: “கெட்டவன் ஒருத்தன் கெடச்சுட்டாப் போதும் தம்பி. அதுக்கப்புறம் எதையும் பார்க்க வேண்டியதில்ல.”

இப்போது கரையை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். ஆற்றில் தண்ணீர் ஏறினால் ஊர் இளைஞர்கள் கம்புகளோடு கரைமேல் காவல் நிற்கிறார்கள். சென்ற ஐப்பசியில் நானும் போயிருந்தேன். எதிர்க்கரையிலும் அதேபோல் கம்புகளோடு ஒரு வரிசை நின்றது. இரு பக்கத்தாரும் ஒருவரையொருவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஆறு ஏறிக்கொண்டிருந்தது.