லூடர்ஸ் தேர்ந்தெடுத்த பிரவுசர்

எங்கள் தெருவைக் கணினியில் தேடிப் பாருங்கள். எங்கள் ஊரான கோட்டிங்கனின் மற்றத் தெருக்களைப் போலவே வீடுகளும் சைக்கிள்களும் குப்பைத் தொட்டிகளும் பளிச்சென்று தெரியும். நடுவில் ஒரு வீடு மட்டும் பாலாடை படிந்தது மாதிரி கலங்கலாக இருக்கும். அது எக்கார்ட் லூடர்ஸின் வீடு, அவருடைய அப்பா கட்டியது. அதன் மாடியில் நான் பல வருஷமாகக் குடியிருக்கிறேன். என் ஜன்னலும் பூந்தொட்டிகளும் என்னைக் கேட்காமலேயே அந்தக் கலங்கலுக்குள் போய்விட்டன.

தெருவைப் படம் பிடிக்கும் கார் வரப்போகிறது என்று செய்தி வந்த அன்றே, தன் வீட்டை மறைக்கச் சொல்லி எழுதிப் போட்டுவிட்டார் மனிதர். எங்கள் ஊரில் அப்படி எழுதிப் போட்டவர்கள் நிறையப் பேர்தான். ஆனால் இவருக்கு இது பழைய பழக்கம். எண்பதுகளில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தபோது, படிவத்தின் மூலையில் இருந்த, ஆளைக் காட்டிக்கொடுக்கும் எண்ணைக் கத்தரிக்கோலால் வெட்டியெடுத்துவிட்டு வெறும் தாளாகத் திருப்பிக் கொடுத்த கூட்டத்தில் அவரும் இருந்தார். அபராதமும் கட்டினார். அந்தக் கத்தரிக்கோலை இன்னும் சமையலறையில் வெங்காயத்தாள் நறுக்க வைத்திருக்கிறார்.

புத்தகக் கடை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் முழுநேரத் தொழிலாக ஒன்றை எடுத்துக்கொண்டார். பிரவுசர் தேர்ந்தெடுப்பது. சிரிக்காதீர்கள், ஒரு குளிர்காலம் முழுக்க அதைத்தான் செய்தார். ஊரே பயன்படுத்தும் பிரவுசர்கள் எல்லாம் நம்மை வேவு பார்க்கின்றன என்பது அவர் கட்சி. எது யாருக்குத் தகவல் அனுப்புகிறது, எதன் பின்னால் எந்தக் கம்பெனி இருக்கிறது என்று துருவித் துருவிப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டினார். கடைசியில் பேர் தெரியாத தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து செய்த ஒன்றைப் பிடித்தார். மூடினால் போதும், நாம் எங்கே போனோம் என்பதையே அது மறந்துவிடும். கேமராவையும் மைக்கையும் எந்தத் தளமும் தொட விடாது. அதிலும் திருப்தி வராமல், மடிக்கணினியின் கேமரா மேல் கறுப்பு எனாமல் பெயின்டால் ஒரு பொட்டு வைத்தார். மற்றவர்கள் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஸ்டிக்கர் உதிர்ந்துவிடுமாம்.

தான் கண்டதைத் தனக்குள் வைத்துக்கொள்ளும் ஆளும் இல்லை. மாதம் ஒரு சனிக்கிழமை தேவாலயக் கூடத்தில் காபியும் பிளம் கேக்குமாக உட்கார்ந்து, வருகிறவர்களின் கணினியில் எல்லாம் அந்தப் பிரவுசரை ஏற்றிக் கொடுத்தார். பழையதை வேரோடு பிடுங்கினார். கையோடு பொட்டும் வைத்தார். என் கணினி, எதிர்வீட்டுத் தம்பதியின் கணினி, பேக்கரிக்காரருடையது என்று தெரு முழுக்கப் பொட்டு. என் பிறந்தநாளுக்குப் பரிசாக என் கைபேசியைக்கூடச் சுத்தம் செய்தார். அதன்பிறகு அதில் புதிதாக எதையும் ஏற்ற வழியில்லாமல் போனது. நான் நன்றி சொல்லி, கேக்கும் சாப்பிட்டேன்.

அவருக்குச் சொந்தம் என்று இருந்தது அக்கா கெர்லிண்டே மட்டும்தான். இளம்வயதிலேயே கல்யாணமாகி நியூசிலாந்து போனவள். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள். மாடிப்படியில் நின்றால் அவர் சிரிப்பு கேட்கும். மனிதர் சிரிப்பது அன்றைக்கு மட்டும்தான். ஒருமுறை பிறந்த வீட்டைப் பார்க்க ஆசைப்பட்டு அவள் கணினியில் தேடியிருக்கிறாள். கண்ணில் பட்டது கலங்கல். அந்த ஞாயிறு சிரிப்புச் சத்தம் வரவில்லை. நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்.

போன இலையுதிர் காலத்தில் அவள் படுத்த படுக்கையானாள். இனி எழுந்திருக்க மாட்டாள் என்று சொல்லி, அந்திமக் காப்பகம் ஒன்றில் சேர்த்திருந்தார்கள். தம்பியிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதை அவரே என்னிடம் சொன்னார்.

"'உன் மூஞ்சியையும் நம்ம வீட்டு வாசலையும் ஒரு தடவ பாத்துட்டாப் போதும்டா'ன்னு சொல்றா, வீகாண்ட் மேடம்."

காப்பகத்திலிருந்து காணொளி அழைப்புக்கு ஒரு சுட்டி அனுப்பினார்கள். எங்களுக்குக் காலை, அவர்களுக்குச் சாயங்காலம். துணைக்கு வரச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டையும் வாரிய தலையுமாக முன்கூட்டியே உட்கார்ந்திருந்தார். நேரம் வந்ததும் சுட்டியை அமுக்கினார். உங்கள் பிரவுசரில் இந்தச் சேவை இயங்காது, கீழே உள்ளவற்றில் ஒன்றைப் பயன்படுத்தவும் என்று வந்தது. கீழே இருந்தவை எல்லாம் அந்தக் குளிர்காலத்தில் அவர் கழித்துக்கட்டியவை.

மாடிக்கு ஓடி என் கணினியில் பார்த்தேன். அதே பதில். அவர் கைவைத்த கணினி வேறெப்படி இருக்கும்? எதிர்வீட்டில் கேட்டுப் பயனில்லை, பேக்கரியில் கேட்டும் பயனில்லை. தெருவையே பூட்டிச் சாவியைத் தூக்கிப் போட்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் கீழே வந்து பார்த்தால் மனிதர் பட்டியலில் முதலாவதாக இருந்ததை இறக்கிக்கொண்டிருந்தார். இறங்கியது. பயன்பாட்டு ஒப்பந்தம் வந்தது. மனிதர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

"ஒத்துக்கறேன்னு அமுக்குங்க, லூடர்ஸ் சார்."

"படிக்காம எப்படி மேடம் ஒத்துக்கறது?"

"அங்க உங்க அக்கா காத்துக்கிட்டு இருக்காங்க."

தெரியும் என்பதுபோலத் தலையாட்டினார். விரலோ அடுத்த வரிக்குப் போனது. படிப்பதை நிறுத்த அவரால் முடியவில்லை. நான் குறுக்கே கையை நீட்டி அமுக்கினேன். தன் கடிதத்தை நான் பிரித்துவிட்டது மாதிரி என்னைப் பார்த்தார். அதற்குள் திரையில் கெர்லிண்டே வந்துவிட்டாள்.

தலையணைக்குள் பாதி புதைந்திருந்தாள். பக்கத்தில் தாதி. அவர் அக்காவின் பெயரை மட்டும் சொன்னார்.

"சத்தம் கேக்குது," என்றாள் அவள். "நீ எங்கடா இருக்க? ஒரே இருட்டா இருக்கே."

பொட்டு. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் ஞாபகம் வந்தது. நகத்தால் சுரண்டினார். எனாமல் பெயின்ட் நகத்துக்கா மசியும்? சமையலறைக்கு ஓடிக் கத்தரிக்கோலை எடுத்து வந்தார். அதே கத்தரிக்கோல். மெதுவாக, மெதுவாக என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். பெயின்ட் வந்தது. கூடவே கேமராவின் கண்ணாடியும் கீறிப்போனது. திரை மூலையில் எங்கள் பக்கத்தைக் காட்டும் சின்னக் கட்டத்தில் கறுப்பு போய்ச் சாம்பல் நிற மூட்டம் வந்தது. அதற்குள் நிழல் மாதிரி ஏதோ அசைந்தது. அதுதான் அவர்.

கெர்லிண்டே சிரித்துவிட்டாள். "வீட்ட மறைச்ச. இப்ப உன்னையும் மறைச்சுக்கிட்டியா?" சிரிப்பு இருமலாக மாறியது. தாதி தண்ணீர் கொடுத்தாள்.

அவர் மடிக்கணினியைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். படியிறங்கித் திரும்பி நின்று, வீட்டுக்கு நேராகப் பிடித்தார். குளிரில் கோட்டுகூடப் போட்டுக்கொள்ளவில்லை. இது படி, இது ஜன்னல், இது நீ விழுந்து பல்லை உடைத்துக்கொண்ட கைப்பிடி என்று வாயாலேயே காட்டினார். திரையில் மூட்டம்தான்.

"கதவு இன்னும் பச்சையாடா? அப்பா அடிச்ச அதே பச்சையா?"

கதவு சாம்பல் நிறம். பல வருஷத்துக்கு முன் வண்ண அட்டையைப் பார்த்து அந்தச் சாம்பலைத் தேர்ந்தெடுத்ததே நான்தான். அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கணக்கெடுப்புப் படிவத்தில் பொய்யாக எதையாவது எழுதித் தொலைத்திருந்தால் அபராதப் பணம் மிச்சமாகியிருக்கும். பொய் எழுத மாட்டேன் என்றுதான் வெறும் தாளைக் கொடுத்தவர்.

"பச்சையேதான்க்கா," என்றார்.

"நல்லவேள," என்று கண்ணை மூடிக்கொண்டாள் கெர்லிண்டே. அவளுக்குக் களைப்பு, இன்னும் சில நாளில் மறுபடி பேசலாம் என்று தாதி சொன்னாள்.

மறுநாள் கடை திறக்கும்போதே போய்ப் புதிய கேமரா வாங்கி வந்தார். அந்தப் பெட்டியைப் பிரிக்கும் வேலையே வரவில்லை. அடுத்த அழைப்புக்கு முன்பே கெர்லிண்டே போய்விட்டாள்.

அப்புறம் ஒரு காரியம் செய்தார். அதை ஏன் செய்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. வீட்டுப் படத்தின் மேல் இருக்கும் மூட்டத்தை எடுத்துவிடும்படி தெருவைப் படம் பிடித்த கம்பெனிக்கு எழுதினார். மறைத்தது மறைத்ததுதான், திரும்பக் கொண்டுவர முடியாது என்று பதில் வந்தது. அந்தக் காலத்தில் அவரைப் போன்றவர்கள் போராடிக் கேட்டு வாங்கியதும் அதைத்தானே. பதிலை வாய்விட்டு எனக்குப் படித்துக் காட்டினார். குறை சொல்ல அதில் அவருக்கு ஒரு வரியும் கிடைக்கவில்லை.

வாசல்படியில்தான் உட்கார்ந்திருந்தோம். கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அக்காகிட்ட பொய் சொல்லிட்டேன், மேடம்."

"விடுங்க சார்," என்றேன். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். "யாரு பாத்தா?"

"ஆமா," என்றார் லூடர்ஸ். "யாரும் பாக்கல. அக்காவும் பாக்கல."