அரசனின் வாக்கைக் கூவியவன்

இருபத்தெட்டு வருஷம் தார்சாஸ் தன் அரசனின் தண்டோராக்காரனாக இருந்தான். ரோமாபுரிக்குக் கிழக்கே, ரோடோப்பி மலையில் ஏழு ஊர்கள் அவன் பொறுப்பு. காட்டெருமைக் கொம்பை ஊதிவிட்டு அவன் குரலெடுத்தால், மேல்சரிவில் ஆடு மேய்ப்பவனுக்கும் ஒரு சொல் தப்பாமல் கேட்கும். அவன் சொன்னது என்றைக்கும் பொய்த்ததில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அரசன் சின்ன அரசன். அவன் தலையில் இருந்த பொன்பட்டமும், உட்கார்ந்த தந்த நாற்காலியும் ரோமாபுரி அனுப்பியவை. ‘ரோமாபுரியின் நண்பன்’ என்ற பட்டமும் கூடவே வந்தது. ஒரு வருஷம் அறுவடை முடிந்த கையோடு அந்த நட்புக்கு விலை கேட்டார்கள்: மலையிலிருந்து படைக்கு ஆள்.

தார்சாஸ் ஊர் ஊராகப் போய்க் கூவினான்.

“மூணே வருஷம்! நம்ம தலைவருங்களுக்குக் கீழ, நம்ம மலையிலதான் காவல்! எல்லையத் தாண்டி ஒருத்தனும் போக வேண்டாம். ராசா வாக்கு இது!”

அவன் அக்கா ஸியா தினைக்கூழ்ப் பானையை இறக்கி வைத்துவிட்டு வந்து கேட்டாள். “ராசா சொல்றது இருக்கட்டும். நீ சொல்லு. தோலஸை அனுப்பலாமா?”

“ரெண்டும் ஒண்ணுதான்க்கா. அனுப்பு.”

ஏழு ஊரிலிருந்தும் அறுபத்திரண்டு பேர் இறங்கிப் போனார்கள். ஸியாவின் ஒரே மகன் தோலஸும் போனான்.

அடுத்த வசந்தத்தில் ஒருவன் மட்டும் திரும்பி வந்தான். ஸ்கரிஸ் என்று பெயர், கீழூர்க்காரன். இடது கை முழங்கையோடு போயிருந்தது. தார்சாஸைத் தேடி வந்து நேருக்கு நேர் நின்றான்.

“மலைக்குக் கீழ ஆத்தங்கரைக்குப் போனதுமே ரோமாபுரிக்காரனுங்க நம்ம தலைவருங்கள வீட்டுக்கு அனுப்பிட்டானுங்க. எங்கள சின்னச் சின்னக் கூட்டமாப் பிரிச்சு, வடக்க ரைன் ஆத்துப் பக்கம் ஓட்டிட்டுப் போயிட்டானுங்க. தோலஸ் குளிர்காலத்துல காய்ச்சல்ல செத்துட்டான். புதைச்சது நான்தான்.”

“ராசாவுக்குத் தெரியாம நடந்திருக்கும்டா.”

ஸ்கரிஸ் காறித் துப்பினான். “தெரியாமயா? அங்கதானே நின்னாரு! ரோமாபுரிக்காரன் சொல்லச் சொல்ல, நம்ம பாஷையில எங்களுக்கு எடுத்துச் சொன்னதே அவருதான்.”

தார்சாஸ் அப்படியே கோட்டைக்கு நடந்தான். வழியில் எங்கும் உட்காரவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அரசன் ரோமாபுரி மேலாடையின் மடிப்பைச் சரி செய்துகொண்டிருந்தான்.

“நல்ல வேளை வந்தே. இன்னும் நாப்பது பேர் வேணுமாம். பழைய வார்த்தையே போதும், போய்க் கூவிட்டு வா.”

“பழைய வார்த்தை பொய் ராசா. என் அக்கா மகன் செத்துட்டான்.”

அரசன் கையைத் தொங்கப் போட்டான். “என்னை என்ன பண்ணச் சொல்றே? என் ரெண்டு பசங்களும் ரோமாபுரியிலதான் பிணையா வளர்றாங்க, தெரியுமில்ல? நான் மாட்டேன்னா ரோமாபுரிக்காரங்களே நேரா வந்து ஆளுவாங்க.”

“வரட்டுமே! அவங்க மூஞ்சியப் பாத்து வையவாவது செய்யலாம். இப்ப உங்க மூஞ்சியப் பாத்து வாழ்க வாழ்கன்னு கத்திட்டுத் திரியறேன்.”

“வாயை அடக்கு. கூவுறது மட்டும்தான் உன் வேலை.”

“சரி, கூவுறேன்” என்றான் தார்சாஸ்.

முதலில் அக்காவின் ஊருக்குத்தான் போனான். கொம்பை ஊதினான். ஊர் கூடியது.

“போன வருஷம் நான் கூவினது பொய்! உங்க பிள்ளைங்க எல்லையத் தாண்டி எங்கேயோ செத்துட்டு இருக்காங்க. என் தோலஸ் போயிட்டான். மறுபடி ஆள் கேக்கறாங்க. குடுக்காதீங்க! இருக்கிறவங்கள மேல்காட்டுக்குள்ள அனுப்புங்க!”

ஸியா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவன் கன்னத்தில் அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். “உன்னைத்தானேடா நம்பினேன்!” அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. அடித்து ஓய்ந்ததும் அவளே முதல் ஆளாக அண்டை வீட்டுப் பையன்களை மேலே விரட்டினாள்.

மூன்று நாளில் ஏழு ஊரிலும் கூவி முடித்தான். ரோமாபுரி அதிகாரி அரசனோடு வந்தபோது கிழவர்களும் நாய்களும்தான் இருந்தார்கள். படை காட்டுக்குள் புகுந்து பதினோரு பேரைப் பிடித்தது. மற்றவர்கள் அகப்படவில்லை.

தார்சாஸ் ஓடவில்லை. அவனைச் சிலுவையில் அறையச் சொன்னான் அதிகாரி. தண்டோராக்காரனைக் கொல்வது மலையில் தெய்வக் குற்றம். அரசன் கெஞ்சி அதைச் சாட்டையடியாகக் குறைத்தான். நாற்பது அடி. முடிந்ததும் குனிந்து அவன் காதோரம் சொன்னான். “உன் உயிரைக் காப்பாத்தியிருக்கேன். அதையாவது நெனைச்சுப் பாரு.”

“அன்னிக்கு ஆத்தங்கரையில கெஞ்சியிருக்கணும்” என்றான் தார்சாஸ்.

இரண்டு வருஷத்தில் ரோமாபுரிக்கு அந்த அரசன் சலித்துப் போனான். நாற்காலி அவன் பங்காளிக்குப் போயிற்று. அவனும் நண்பன்தான், அவனும் ஆள் கேட்டான். ஆனால் அந்த ஏழு ஊர்களில் எவன் வந்து கூவினாலும் ஆட்கள் காட்டுக்குள் போய்விட்டுத்தான் காது கொடுத்தார்கள்.

தார்சாஸ் அக்காவின் ஆட்டுப்பட்டியில் தங்கிக்கொண்டான். அவள் கூழ் ஊற்றினாள், பேச்சுக் கொடுக்கவில்லை. ஒருநாள், ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கும்போது, தலை நிமிராமல் கேட்டாள்.

“அன்னிக்குக் கோட்டையில அந்த ராசா கைக்கெட்டுற தூரத்துலதானே நின்னான்?”

“ஆமா.”

“ஒரு அறை விட்டியா?”

“இல்லக்கா.”

“விட்டிருக்கணும்டா” என்றாள். அடுத்த ஆட்டின் காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தாள்.