வரோம்னு சொன்ன வாய்

பெண்ணின் படிப்பு முடியட்டும் என்று சொந்தமெல்லாம் சொல்லியும் கேட்காமல், கார் சீட்டுக்கு உறை தைக்கும் வேலைக்காக மகளோடு வெளிநாடு வந்தவள் அந்தத் தையல்காரி.

மகளைச் சேர்க்கப் போன பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை கையை விரித்தார். கடைசி வருஷத்தில் யாரையும் சேர்ப்பதில்லையாம். தையல்காரி அசரவில்லை. அரைகுறையாகக் கற்ற அந்த ஊர் மொழியில், “போய்விட்டு வருகிறோம்” என்று வார்த்தைக்கு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்தாள்.

வாசலில் மகள் தலையிலடித்துக்கொண்டாள். “அம்மா, இங்க அப்படிச் சொன்னா நிஜமாவே திரும்பி வருவோம்னு நினைப்பாங்க.”

“நினைக்கட்டுமே.”

மறுநாள் காலை பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. மகள் பேசிவிட்டுத் திகைத்து நின்றாள். “சாயங்காலம் வரைக்கும் நமக்காகக் காத்திருந்தாங்களாம். சும்மா உக்காந்திருந்தப்போ நாம குடுத்துட்டு வந்த பேப்பர்ல என் மார்க்கைப் பாத்தாங்களாம். சேத்துக்கறாங்களாம்மா.”

தையல்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “பின்ன, நான் என்ன போறேன்னா சொன்னேன்?”