கோபுரச் சீட்டு

மலையடிவாரத் தாப்பாவில், மேலே தானா ராத்தாவுக்குப் போகும் பஸ்ஸில் ஏறியபோது காலை மணி எட்டே கால். 1978 டிசம்பர், ஒரு சனிக்கிழமை. முப்பத்தேழு மைல் மலைப்பாதை. கட்டணம் இரண்டு வெள்ளி. முதல் தடவை போகிறவர்களுக்கு ஒரு யோசனை: வெறும் வயிற்றோடு ஏறுங்கள். நான் ஈப்போவிலேயே மூன்று தோசையை முடித்துவிட்டு வந்திருந்தேன். பதினைந்தாவது மைலில் மூன்றும் தனித்தனியாக நியாயம் கேட்க ஆரம்பித்தன.

ஊர் சுற்றிப் பார்க்க நான் போகவில்லை. தங்கை சரோஜாவைக் கையோடு அழைத்துவரப் போனேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில் மண் சரிந்து அவள் கணவர் போய்விட்டார். பிள்ளை இல்லை. தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் ஒற்றையாக இருந்துகொண்டு கொழுந்தெடுக்கப் போய்வருகிறாள். எனக்கும் நாற்பத்திரண்டு வயதாகிறது, கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. தபால் நிலையத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. வீட்டின் பின்னறைக்குச் சுண்ணாம்பு அடித்து, கட்டில் வாங்கிப் போட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியும் மாட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். தங்கச்சி பாவம், மலையில் தனியாக இருக்கிறாள் என்று ஆபீஸில் நான் சொல்லாத ஆள் கிடையாது.

பக்கத்து இருக்கையில் முதுகுப்பை சுமந்த ஒரு வெள்ளைக்காரப் பெண். நியூசிலாந்து என்றாள். என் முகம் வெளுத்ததைப் பார்த்துவிட்டு, மனசை வேறு பக்கம் திருப்பலாம் என்று பையிலிருந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்தாள். டாரட் சீட்டாம், குறி சொல்லுமாம். நம் ஊர்க் கிளி ஜோசியத்தில் சீட்டைக் கிளி எடுக்கும். இங்கே அந்த வேலையை என்னையே செய்யச் சொன்னாள். ஒன்றை உருவினேன்.

மலையுச்சியில் ஓர் உயரமான கோபுரம். அதன் தலையில் இடி விழுகிறது. சன்னல்களில் நெருப்பு. இரண்டு பேர் தலைகீழாக விழுந்துகொண்டிருக்கிறார்கள். அவள் சிரித்துக்கொண்டே விளக்கினாள். இது திடீர் மாற்றத்தின் சீட்டு. எது கடைசி வரை நிற்கும் என்று நம்பிக் கட்டினோமோ அது ஒரே நொடியில் இடியும். ஆனால் கெட்ட சீட்டு இல்லை, இடிந்த பிறகுதான் உண்மை கண்ணுக்குத் தெரியும் என்றாள்.

நான் இதுவரை எதையும் கட்டியவன் இல்லை, வாடகை வீட்டில் இருப்பவன். ஆகவே சீட்டு எனக்கானது அல்ல என்று ரிங்லெட் வருவதற்குள் முடிவு கட்டிவிட்டேன். மாற்றம் சரோஜாவுக்குத்தான். அவளிடம் சொல்வதற்குச் சாமியே ஒரு வழி காட்டியது போலிருந்தது.

பத்தே முக்கால், தானா ராத்தா. குளிர் காதைப் பிடித்தது. கடையில் ஒரு கோப்பைத் தேநீர் முப்பது காசு. கடிதத்தில் சரோஜா எழுதியிருந்தபடியே வீரையா என்பவர் லோரியோடு காத்திருந்தார். திரிங்காப் தோட்டங்களிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக் கீழே கொண்டுபோகிறவர், என் வயதுதான் இருக்கும். இறங்கியதும் என் பையை வாங்கிக்கொண்டு, "ஏறுங்க மச்சான், பெலான் பெலானா போலாம்லா" என்றார். சொன்னபடி மெதுவாகத்தான் ஓட்டினார். ஆனால் அந்த மச்சான் எனக்குப் பிடிக்கவில்லை. ஈப்போவில் வெற்றிலைக் கடைக்காரன்கூட எதிரே வருகிறவனையெல்லாம் மச்சான் என்கிறான். ஒரு அரசாங்க கிராணியை அப்படிக் கூப்பிடுகிறாரே என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிரிஞ்சாங் தாண்டி ஒரு செம்மண் பாதையில் திரும்பி, கியா பார்முக்கு முன்னாலேயே தோட்டத்தில் இறக்கிவிட்டார். கூலி நீட்டினேன், வாங்கவில்லை.

மதியம் இரண்டு மணிக்குச் சரோஜா கொழுந்து நிறுவை முடிந்து வந்தாள். இடுப்பில் கட்டியிருந்த ரப்பர்த் துணியை அவிழ்த்துப்போட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அது எனக்கு என்னவோ ஏமாற்றமாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள்.

சாப்பாடு முடிந்ததும் பின்னறையைப் பற்றிச் சொன்னேன், கண்ணாடி வரைக்கும் சொன்னேன். அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். உடனே பஸ்ஸில் வந்த சீட்டுக் கதையை எடுத்துவிட்டேன்: கோபுரம், இடி, திடீர் மாற்றம். இந்த இடத்தை விட்டுவிடு என்று சகுனமே சொல்கிறது என்றேன்.

"கோபுரத்துல இடி விழுந்தா அப்படியேவா அண்ணே விட்டுருவாங்க?" என்றாள். "செப்பனிட்டு கும்பாபிஷேகம் பண்ணுவாங்கல்ல. எனக்கு இடி ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே விழுந்துருச்சு. இப்ப நான் கட்டிக்கப் போறேன்."

நான் புரிந்துகொள்ளாமல், "என்னத்தக் கட்டப் போறே?" என்று கேட்டேன்.

அவள் முகம் சிவந்தது. "வீரையாவைத்தான்."

அந்த மனிதர் என்னைச் சும்மா மச்சான் என்று கூப்பிடவில்லை. முறை வைத்துத்தான் கூப்பிட்டிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தை விடப் பெரிதாகப் பயம் வந்தது. சரோஜா மெதுவாகச் சொன்னாள்: லயத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள், அப்பா இருந்தால் அவரிடம் கேட்டிருப்பாள், இப்போது நான் சரி என்று சொன்னால்தான் கோயிலில் தாலி ஏறும். நான் வேண்டாம் என்றால் மறுபேச்சு இல்லை, காலையில் என்னோடு ஈப்போவுக்கு வந்துவிடுவாளாம்.

ஒரே ஒரு சொல். சொல்லியிருந்தால் பின்னறைக்கு ஆள் வந்திருக்கும். சாயங்காலம் வீடு திரும்பும்போது விளக்கு எரிந்துகொண்டிருக்கும். வெளியே வந்து தேயிலை நிரைகளுக்கு நடுவே நடந்தேன். மூடுபனி இறங்கி, நாலு நிரைக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் போல நடந்தேன். தங்கையின் நல்லதையே நினைத்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் பாதி நேரம் அந்தக் கட்டிலைப் பற்றித்தான் நினைத்தேன். இரண்டு பேர் படுக்கலாம் போல அகலமாக வாங்கியிருந்தேன், விலை குறைவு என்று.

நான்கு மணிக்குத் திரும்பிவந்து, சரி என்றேன். அவள் அழுதாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே சொன்னாள்: "அந்தச் சீட்டு உங்களுக்கு வந்ததுதான் அண்ணே. நீங்க எடுத்ததுதானே?"

ஞாயிறு காலை எட்டரை மணி பஸ். வீரையா தானா ராத்தா வரைக்கும் கொண்டுவந்து விட்டார். தை மாதம் நாள் பார்ப்பதாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். செய்தது சரி என்று மட்டும் தெரிந்தது.

ரிங்லெட்டுக்குக் கீழே வெக்கை ஏற ஏற எல்லோரும் கம்பளிச் சட்டையைக் கழற்றினார்கள். பக்கத்தில் பீடோருக்குப் போகிற ஓர் அம்மா, மடியில் கீரைக்கட்டு. என்ன விசேஷமாக மலைக்கு வந்தேன் என்று கேட்டார். தங்கைக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். நல்ல காரியம் என்று மகிழ்ந்துபோனார்.

"ஈப்போவுல வீட்டுல யார் யாரு தம்பி?"

இரண்டு வருடமாகச் சரோஜாவைப் பற்றி ஊரெல்லாம் சொல்லி வந்த ஒரு வார்த்தை இருந்தது. அதை என்னைப் பற்றி அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னேன்.

"யாரும் இல்லைங்க. நான் தனியாத்தான் இருக்கேன்."