பெண்கள் பக்கத்துக் கதவு

நம்பினால் நம்புங்கள். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். 1986 மே மாதம், பட்டப்பகலில் எனக்கு நடந்தது இது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று சொன்னவன் எவனோ, அவன் திண்டிவனம் வேதவல்லி டாக்கீஸுக்குள் கால் வைத்திருக்க மாட்டான்.

கடைத்தெரு நடுவில் இருந்த அந்தக் கொட்டகையை அப்போது இடித்துக்கொண்டிருந்தார்கள். என் பெயர் பெரியதம்பி. ஒயர்மேன். பழைய ஒயரிங்கைக் கழற்றும் வேலை என்னுடையது. மதியமே முடித்துவிட்டு மேஸ்திரி பாண்டுரங்கனிடம், "வேல முடிஞ்சிதுங்க, வர்றேன்" என்று சொல்லிக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு வரை போன பிறகுதான் கட்டிங் பிளேயரை உள்ளேயே விட்டுவந்தது உறைத்தது. திரும்பினேன். எல்லாரும் சாப்பாட்டில் இருந்தார்கள். யாரிடமும் சொல்லாமல் உள்ளே போனேன். புத்தி கெட்ட வேலை.

ஆண்கள் பக்கத்து வழியெல்லாம் இடிந்த செங்கல் அடைத்திருந்தது. மிச்சம் இருந்தது பெண்கள் பக்கத்துக் கதவு ஒன்றுதான். படம் ஓடும்போது உள்ளே இருப்பவர்கள் டிக்கெட் இல்லாத ஆளுக்குத் திறந்துவிடக் கூடாது என்று அதற்குத் தாழ்ப்பாள் வெளியே மட்டும் வைத்திருந்தார்கள்.

இருட்டில் தடவியதில் பிளேயர் கையில் கிடைத்தது. என் ரேடியம் வாட்சில் மணி 2.40.

பின்னால்... டக்.

தாழ்ப்பாள்.

வெளியே பாண்டுரங்கன் குரல். "மூணு மணிக்கு செவுத்த இழுத்துடணும். ஜல்தி."

முன்சுவரில் சங்கிலி கட்டி லாரியால் இழுக்கப் போகிறார்கள். கூரை என் தலையில்தான் விழும். கதவில் மோதினேன். "அண்ணே, கதவத் தொறங்க..." தொண்டை கிழியக் கத்தினேன். யாரும் வரவில்லை. வீட்டில் கெங்கம்மாள் நிறைமாசம். பிள்ளை முகம் பார்க்காமலே போய்விடுவேனோ என்று அழுகை முட்டியது.

2.50. கை ஓய்ந்து நிறுத்தினேன்.

தட்டும் சத்தம் நிற்கவில்லை.

டக்... டக்... டக்...

எனக்குப் பக்கத்தில்தான்.

"யாரு?"

வளையல் சத்தம் மட்டும்.

இருட்டில் கையை நீட்டினேன். புடவை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு புடவை. இன்னொன்று...

கருகிய நாற்றம்.

2.56. லாரி உறுமியது.

தட்டல் வேகமானது. கதவே அதிர்ந்தது.

நான் கதவோடு ஒட்டிக்கொண்டேன்...

தாழ்ப்பாள் விலகியது.

வெயிலில் போய் விழுந்தேன். பாண்டுரங்கன் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மத்தவங்க எங்கடா?"

"யாருங்க?"

"பொம்பளைங்க. உன் குரல் எங்களுக்குக் கேக்கவே இல்ல. அவங்கதான் கத்துனாங்க. பெரியதம்பி உள்ள மாட்டிக்கினு இருக்காரு, தொறங்கன்னு."

உள்ளே என் பெயரை நான் சொல்லவே இல்லை.

அன்று சுவரை இழுக்கவில்லை. சாயங்காலம் எதிர் டீக்கடையில் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். அந்த டாக்கீஸில் ஒரு காலத்தில் கேட் கீப்பராக இருந்த அரங்கநாதனும் அங்கே இருந்தார். கேட்டவுடன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அறுவத்தி மூணுல மேட்னி ஷோவுல தீப்புடிச்சிது. பொம்பளைங்க பக்கம். ஒம்போது பேரு. கதவத் தட்டி கத்திக்கினே இருந்திருக்காங்க. படத்து சத்தத்துல வெளிய கேக்கலப்பா."

என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அன்னிக்கித் தாழ்ப்பா போட்டுட்டு டீ குடிக்கப் போனவன் நான்தான். உன்னாண்ட அவங்க... என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டாங்களா?"