வரவுசெலவுத் தாளில் இல்லாத திருவிழா

நோர்வேயில் என் வேலை போனதும் நகரசபைக் கந்தோரில் ஒரு தாள் தந்தார்கள். குடும்பச் செலவைக் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். நாய்ச் சாப்பாட்டுக்கு ஒரு கட்டம் இருந்தது, மலைக்குடிலுக்கு ஒன்று, பனிச்சறுக்குக் கட்டைக்கும் ஒன்று. எங்கள் ஊர் அம்மன் கோயிலின் ஆறாம் திருவிழாவுக்குத்தான் கட்டம் இல்லை. 'மற்றவை' என்ற இடத்தில் அதை எழுதினேன்.

ஆலோசகர் இங்ரிட் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தாள். "இது ஏதாவது சங்கத்தின் சந்தாவா?"

"இல்லை. கோயிலில் ஒரு நாள் எங்கள் குடும்பத்துடையது."

"ஒரு நாளை வாடகைக்கு எடுக்கிறீர்களா? நிறுத்திவிட்டுப் பிறகு சேரலாமே."

என் நோர்வேஜிய மொழிக்கு அதற்குமேல் விளக்க வலுவில்லை. ஆனால் இங்ரிட் கெட்டிக்காரி. வீட்டுக் கடனுக்கு ஆறு மாதம் வட்டி மட்டும் கட்டலாம் என்று வங்கியிடம் பேசி வாங்கித் தந்தாள். காரை விற்றோம். மனைவியின் பாதிநேரச் சம்பளத்தில் பருப்பும் சோறுமாகச் சமாளித்தோம். 'மற்றவை' மட்டும் அப்படியே நின்றது.

அப்பாவுக்குப் பிறகு அந்தத் திருவிழாவின் செலவு மூத்தவன் என்று என் தலையில் வந்தது. மேளம், அம்மனுக்குச் சாத்துப்படி அலங்காரம், அன்னதானம் எல்லாம் என் காசு. பூக்காரன் பின்னால் திரிவதும் பந்தலுக்கு அலைவதும் ஊரிலேயே, கோப்பாயில், தோட்டம் செய்யும் என் தம்பி சிவநேசன். உபயகாரருக்கு மரியாதையாக ஐயர் கொடுக்கும் காளாஞ்சித் தட்டை வாங்குவதும் அவன்தான். ஒலிபெருக்கியில் சொல்வது மட்டும் "நோர்வேயில் வசிக்கும்" என்று தொடங்கி என் பெயரை. அதைத் தொலைபேசியில் கேட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்ட ஆள் நான்.

அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது. வெளிநாட்டில் எங்கட ஆக்களுக்கு வேலை போகுதாம் என்று ஊரில் கதை அடிபட்டபோது, என்னை யாரும் சந்தேகிக்கக் கூடாது என்று தம்பிக்கு அழைத்து, இந்த முறை இரண்டு கூட்டம் மேளம் பிடி என்று சொல்லிவிட்டேன். வேலை இல்லாதவன் செய்கிற காரியமா இது? மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்க அவனே அழைத்தான்.

"அண்ணை, ரெண்டு கூட்டத்துக்கும் அச்சவாரம் குடுத்திட்டன். வாணமும் விடுவமோ?"

இனி ஒளிக்க முடியவில்லை. "தம்பி, எனக்கு வேலை போயிட்டுது. நாலு மாசமாச்சு."

அந்தப் பக்கம் இரைந்துகொண்டிருந்த நீர்ப்பம்பியை அவன் நிறுத்தினான்.

"நாலு மாசமா ஒண்டும் சொல்லாமல் இருந்திருக்கிறியளே அண்ணை. நான் என்ன பிறத்தியானோ?" பிறகு, "மற்ற மேளத்தை ஏழாம் திருவிழாக்காரருக்கு மாத்திவிடுறன். வெங்காயம் கிண்டி வித்த காசு கிடக்கு. இந்த முறை நான் செய்யிறன்" என்றான்.

"உனக்குக் கஷ்டமெல்லே?"

"கஷ்டந்தான். ஆனா ஒருக்காவாவது என்ரை பேரையும் சொல்லட்டுமே அண்ணை."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடமாக அவனுக்கு உதவுகிறேன் என்று நினைத்திருந்தேன். அவன் நிற்கவேண்டிய இடத்தில் என் காசு நின்றிருக்கிறது. வெட்கமாக இருந்தது. வேலை போன நாளிலிருந்து நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியதும் அன்றுதான்.

திருவிழா அன்று, சிறுவர் பள்ளிச் சமையலறையில் பரீட்சார்த்தமாகக் கிடைத்த வேலையின் இரண்டாம் வாரம். பின்னேரம் பஸ் தரிப்பில் நின்றபோது தம்பி அழைத்தான். கோயிலில் மேல்சட்டை இல்லாமல் நிற்பவன் தொலைபேசியை இடுப்புச் சால்வைக்குள் செருகிவிட்டான். திரை இருட்டு, சத்தம் மட்டும் வந்தது. ஒலிபெருக்கி சொன்னது: "இன்றைய உபயம், கோப்பாய் சிவநேசன் குடும்பத்தினர்." என் பெயர் வரவில்லை. சின்னதாக ஒரு வலி, அதைவிடப் பெரிய சந்தோஷம். கண் நிறைந்துவிட்டது.

தவில் முழங்க, "சாமியோட வடக்கு வீதிக்கு வந்திட்டம் அண்ணை" என்றான். எப்போது செருப்பைக் கழற்றினேனோ தெரியாது, வெறுங்காலோடு நின்றேன். பஸ் வந்து கதவைத் திறந்தது.

"வருகிறாயா?" சாரதி என் கால்களைப் பார்த்தார்.

"இல்லை, நீங்கள் போங்கள்" என்றேன். வீதி சுற்றும் சாமி இன்னும் கோயில் வாசலுக்கு வந்து சேரவில்லை.