மீன் ஏறாத நாளில் இழுத்த வலை

சாயல்குடிப் பக்கத்துக் கடற்கரையில் என் தாய்மாமாவை விட நல்ல ஆள் கிடையாது என்பது சின்ன வயதில் என் முடிவான கருத்து. என் அப்பாவை நான் அய்யா என்றுதான் கூப்பிடுவேன். அய்யாவின் கரைவலையை இழுத்துவிட்டு மாமா வாங்கும் பங்கில் பெரிய நண்டு எனக்குத்தான் வரும். அவருக்கு மனநோய் இருந்ததும், காதுக்குள் யாரோ திட்டிக்கொண்டே இருந்ததும், மாத்திரையை நிறுத்தினால் அது கூடிவிடும் என்பதும் பெரியவர்களின் கவலை.

ஒரு நாள் காலையில் மாமா மீன் வெட்டும் கத்தியோடு ஏலக்கூடத்துக்குள் புகுந்து, தன்னைப் பிடித்துப்போக ஆள் வந்திருக்கிறது என்று எல்லோரையும் விரட்டினார். யாருக்கும் காயமில்லை. ஐஸ்காரர் மட்டும் ஓடின ஓட்டத்தில் கைலியைப் பறிகொடுத்தார். போலீஸ் ஜீப் வந்ததும் மாமா கடலில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் கத்தியோடு நின்றுகொண்டார்.

போலீஸ்காரர்கள் பூட்ஸைக் கழற்றினார்கள். அம்மா குறுக்கே போய் நின்றாள்.

“வெரட்டாதீக சார். வெரட்டுனா ஆழத்துக்குப் போயிருவான்.”

“கரைக்கு வந்து யாரையாச்சும் வெட்டிட்டா யாரும்மா பதில் சொல்றது?” என்றார் எஸ்.ஐ.

“மொத ஆளா நான் நிக்கிறேன். என்னைய வெட்டுனா நீங்க வாங்க.”

எஸ்.ஐ. தன் ஆட்களை ஜீப்புக்குப் பின்னால் போகச் சொன்னார். அம்மா அய்யாவிடம் திரும்பி, “வலைய எறக்குங்க” என்றாள்.

காற்று சரியில்லை, மீன் ஏறாது என்று அய்யா அன்று வலையைத் தொடவே இல்லை. அவரா இப்போது மறுபேச்சில்லாமல் வள்ளத்தைத் தள்ளுகிறார் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். மாமாவை விட்டுத் தள்ளி வலையை வளைத்துப் போட்டு, கயிற்றின் நுனியைக் கரைக்குக் கொண்டுவந்தார். ஊரே பாடிக்கொண்டு இழுத்தது. ஐஸ்காரரும் வேறு கைலியோடு வந்து பிடித்தார். தண்ணீரின் ஓரத்தில் கயிற்றைப் பிடித்தபடி அம்மா. அவளுக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருந்தது. அது எப்போதும் மாமா நிற்கும் இடம்.

“ஏலே, கை பத்தல. வந்து பிடி” என்றாள்.

எங்கள் ஊரில் கயிற்றைத் தொட்டவனுக்குப் பங்கு உண்டு. ஆனால் வலை கரையேறும்வரை இரண்டு கையையும் எடுக்கக் கூடாது. மாமா கத்தியைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். கத்தியைத் தண்ணீரில் போட்டுவிட்டு வந்து பிடித்தார்.

வலையில் வந்தது கூழ்போல் வழுக்கும் சொறிமுட்டையும் பாசியும்தான். அதைப் பார்த்து அம்மா அழுதாள், அய்யா சிரித்தார், எஸ்.ஐ. மாமாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மாமாவை ஜீப்பில் ஏற்றினார்கள். அம்மாவும் கூடவே ஏறினாள். வெறும் வலையை இழுத்த குற்றத்துக்குத்தான் பிடித்துப்போகிறார்கள் என்று நினைத்து, நான் அழுதுகொண்டே பின்னால் ஓடினேன்.

“சார், நாளைக்கு மீனு வரும் சார்! மாமாவ விட்டுருங்க!”

அன்று அந்தக் கயிற்றை மீனுக்காகப் பிடித்தவர் மாமா ஒருவர்தான் என்பது எனக்குத் தெரியாது.